புதுப்பிப்பு: மீந்ததைப் பார்த்து மறுநாள் சமையலை முடிவு செய்ததில்

நான்கு பேர் கொண்ட எங்கள் வீட்டில் மாதச் சமையல் செலவு 9,000 ரூபாயைத் தாண்டுகிறது, மீந்ததைக் கொட்டவும் மனம் வரவில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். மீந்ததைப் பார்த்த பிறகே மறுநாள் சமையலை முடிவு செய்யுங்கள் என்று நீங்கள் சொன்னபடி செய்ததில், இம்மாதம் 7,600 ரூபாயில் நின்றது.

இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமுமாகப் பழைய சோறு உண்கிறோம். அதிலும் மிஞ்சுவதைப் பச்சை மிளகாய், சீரகம், உப்புடன் அரைத்து, வேட்டித் துணியில் கிள்ளி வைத்து மொட்டைமாடி வெயிலில் வடகமாகக் காயவைக்கிறேன். புளித்த இட்லி மாவு, கடுகும் வெங்காயமும் தாளித்துக் கொட்டியதும் குழிப்பணியாரமாகிவிடுகிறது. புளிக்குழம்பு சுண்டச்சுண்டச் சுவை கூடுகிறது. தேங்காய் அரைத்த குழம்போ விரைவில் கெட்டுவிடுவதால், அதை மட்டும் ஒருவேளைக்கு அளவாக வைக்கிறேன்.