மறுமொழி: வான்சாகச நடுவர் குறைக்கும் புள்ளிக்கு என்ன பெயர்?

ஈப்போ ஐயா, அக்கா, மற்றவர்களுக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை மதிப்பெண் தாள் அச்சுக்குப் போக வேண்டும். சுங்கை சிப்புட்டில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் விமான வான்சாகசப் போட்டிக் காணொளியைப் பார்த்து அவர்களே நடுவராகப் புள்ளி போடப் போகிறார்கள். விமானம் பிசகினால் நடுவர் குறைக்கும் புள்ளிக்கு நான் கேட்டது ஒரே ஒரு தமிழ்ச் சொல், நீங்கள் தொல்காப்பியம் வரை போய்விட்டீர்கள்.

பாதிப் பேர் லங்காவியில் நடக்கும் லீமா விமானக் கண்காட்சியை மனதில் வைத்து எழுதுவது தெரிகிறது. அது காட்சி, அங்கே யாரும் புள்ளி போடுவதில்லை. போட்டியில் புகையும் இரைச்சலும் கணக்கில் வராது, விமானம் வானத்தில் போடும் வடிவம்தான் கணக்கு. ஒவ்வொரு வடிவத்துக்கும் 10 புள்ளியில் தொடங்கி, 5 பாகை விலகினால் அரைப் புள்ளி குறைப்பார்கள்; செங்குத்தாக ஏற வேண்டிய விமானம் 10 பாகை சாய்ந்தால் ஒன்று போச்சு. லூப், அதாவது செங்குத்தாகப் போடும் வளையம், வட்டமாக இல்லையா, ரோலுக்கு (விமானம் உருள்வதற்கு) முன்னும் பின்னும் வரும் கோடுகள் ஒரே நீளமாக இல்லையா, அதற்கும் குறையும். மிஞ்சியதை அந்த வடிவம் எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்ணால், அதாவது கடினக் கெழுவால், பெருக்குவார்கள்.

இதற்கு ஐயா சொன்ன 'கோட்டம்' அழகுதான். வள்ளுவர் நடுவுநிலைமையில் சொல்லும் 'கோடாமை' நடுவருக்கும் பொருந்தும், விமானத்துக்கும் பொருந்தும். ஆனால் கோடு என்றால் நேராகப் போடுவது என்று கணக்குப் பாடத்தில் படித்த பிள்ளையிடம் போய், கோடுதல் என்றால் வளைதல் என்று எப்படிச் சொல்வது? கோட்டம் என்றாலே அவனுக்கு வள்ளுவர் கோட்டம்தான். அக்கா சொன்ன 'கழிவு' சுருக்கமானது, ஆனால் ஒருவனுக்குச் சாக்கடை ஞாபகம் வரும், இன்னொருவனுக்குத் தீபாவளி மலிவு விற்பனை. 'கோணல்' எளிதாகப் புரியும், ஆனால் நீளம் பிசகியதைக் கோணல் என்று சொல்ல முடியாதே.

பாருங்கள், எழுதும்போதே 'பிசகு' தானாக வந்து விழுகிறது. பாகை, நீளம், வட்டம் மூன்றுக்கும் பொருந்தும். 'பிசகுப்புள்ளி' என்றே போடுகிறேன், மூன்று பேர் சரி என்று தனிமடலில் சொல்லிவிட்டார்கள். அது கொச்சை என்ற ஐயாவின் மறுப்பு இருக்கட்டும், இப்போது வாதாட நேரமில்லை.

அப்புறம் இன்னொரு தலைவலி. நம் கலைச்சொல் பட்டியலில் ரோல், ஸ்பின் இரண்டுக்குமே 'சுழற்சி' என்று இருக்கிறது. மூக்கிலிருந்து வால்வரை போகும் அச்சில் உருள்வது ரோல். இறக்கை தூக்குவிசையை இழந்து சுழன்றுகொண்டே விழுவது ஸ்பின். முதலாவதற்கு 'உருளல்' போடலாமா? வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள், வேர்ச்சொல் ஆராய்ச்சி வேண்டாம்.