மறு: டிரான்சிஸ்டர் 'மேட்ச்சிங்': பொருத்தமா, இணையா, ஒப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரி சனிக்கிழமை வகுப்பின் செய்முறைத்தாள் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அதற்குள் இந்த ஒரு சொல்லை முடித்தாக வேண்டும்: மின்னோட்டத்தைப் பெருக்கும் மூன்றுகால் உறுப்பான டிரான்சிஸ்டரில், ஒரே எண்ணுள்ளவற்றிலிருந்து ஒன்றைப்போல் ஒன்று நடக்கும் இரண்டைத் தேர்ந்தெடுப்பதை 'மேட்ச்சிங்' என்கிறோமே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது?

டிரான்சிஸ்டரையே 'திரிதடையம்' என்பதா என்ற சண்டையை இதில் கலக்க வேண்டாம். 1948-ல் பெல் ஆய்வகத்தில் ஜான் பியர்ஸ் வைத்த பெயர் தாளில் டிரான்சிஸ்டர் என்றே இருக்கட்டும். 'திரி' என்றதும் பிள்ளைகள் விளக்குத்திரியைத்தான் நினைக்கிறார்கள்.

குன்னூர் ஐயா 'இணை' என்கிறார். போன மாதத் தாளில் "இரண்டையும் இணையாக்கு" என்றுதான் எழுதியிருந்தேன். ஒரு மாணவி இரண்டு பிசி 547 டிரான்சிஸ்டரையும் காலோடு கால் சேர்த்து ஈயம் பற்றவைத்துவிட்டாள். அவள்மேல் தப்பில்லை, என் சொல்தான் தப்பு.

'பொருத்தம்' என்றால் பூட்டும் சாவியும். பிசி 547-க்கு பிசி 557 பொருந்தும், அது மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடும் எதிர்வகை. நாம் தேடுவதோ ஒரே எண்ணுள்ள இரண்டில் ஒன்றைப்போல் ஒன்று. அது ஒப்பு. தலைவன் தலைவிக்குத் தொல்காப்பியர் பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு என்று பத்து ஒப்புச் சொன்னார் அல்லவா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது. இங்கேயும் அப்படித்தான்: மின்னோட்டத்தை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற பெருக்கம் ஒன்று (பிசி 547-ல் 110 முதல் 800 வரை எதுவும் வரலாம்), பேஸ், எமிட்டர் என்ற இரண்டு கால்களுக்கு இடையிலான மின்னழுத்தம் இன்னொன்று. ஒப்பாரி நினைவு வருகிறது என்றார் கொடைக்கானல் தம்பி. வரட்டுமே, அதுவும் ஒப்புச் சொல்லி அழுவதுதான்.

நேற்றுக் காலைக் குளிரில் செய்து பார்த்தேன். பேஸையும் மூன்றாவது காலான கலெக்டரையும் சேர்த்து, 9 வோல்ட் பேட்டரியிலிருந்து 8.2 கிலோ ஓம் வழியாக ஒரு மில்லிஆம்பியர் அளவு கொடுத்தேன். அந்த மின்னழுத்தம் 651 மில்லிவோல்ட் என்று மீட்டர் காட்டியது. விரலால் பிடித்ததும் 630 பக்கம் இறங்கிவிட்டது! சூடு ஒரு டிகிரி ஏறினால் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். 18 மில்லிவோல்ட் வித்தியாசமே ஒன்றில் இரண்டு மடங்கு மின்னோட்டம் ஓடப் போதும். அதனால் இடுக்கியால் எடுத்துச் செருகி, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, ஒரே மின்னோட்டத்தில், ஒரே சூட்டில் அளக்க வேண்டும். 'ஒப்புப் பார்' என்றால் இந்தப் பொறுமையும் சொல்லோடு வருகிறது.

சரி, வினைக்கு 'ஒப்புப் பார்த்தல்'. தேர்ந்தெடுத்த இரண்டுக்கும் 'ஒப்புச்சோடி' போதும் என்று பெரும்பாலோர் சொல்லிவிட்டீர்கள். சோடி தமிழல்ல, 'ஒப்பிணை' என்க என்று ஐயா நேற்றிரவும் எழுதியிருக்கிறார். ஐயா, அதில் மறுபடி 'இணை' வருகிறது. அந்தப் பெண் மறுபடி ஈயத்தை எடுப்பாள். இந்த ஒன்றில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.