நீலகிரி மாவட்டம் தேவாலா, பந்தலூர்ப் பக்கம்: உங்க கண்ணுலயே நிக்கிற ஒரு காட்சி சொல்லுங்க

தேவாலாக்காரி:
ஒன்பது வருஷம் ஆச்சு, இன்னும் நெஞ்சுல கிடக்கு. அம்மா தேயிலைத் தோட்ட வேலையில இருந்து ரிட்டயர் ஆனதும், தொழிலாளிங்களுக்குக் குடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. சாமான் ஏத்த ஜீப் வந்து நிக்குது, அம்மாவைக் காணோம். தேடிப் போனா, பழைய தங்கச் சுரங்கத்துக்கு மேல இருக்கிற வளைவுல வெறுந்தேத்தண்ணி கிளாஸோட நிக்கிறாங்க. மூட்டம் ரெண்டு நிமிஷம் விலகுச்சு. எதிர்மலை முழுக்கத் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக், அடியில ஓடை. "அந்தப் பாறை வரைக்கும் நாங்க குழி வெட்டி நட்டதுடி. சிலோன்ல இருந்து வந்த புதுசுல"ன்னாங்க. மிச்சத் தேத்தண்ணியைப் பக்கத்துச் செடி அடியில ஊத்திட்டு வந்து ஜீப்புல ஏறிட்டாங்க. திரும்பிப் பார்க்கவே இல்ல.

கொளப்பள்ளி:
அக்கா, அந்த வளைவு எனக்கும் தெரியும். ஆனா சுரங்கத்தை ஒரே வார்த்தையில தாண்டிட்டீங்களே. பள்ளிக்கூட லீவுல நாலு பேர் அங்க ஏறினோம். முன்னாடி போனவன் கால் உண்ணிச்செடிக்குள்ள திடீர்னு இறங்கிடுச்சு. சட்டையைப் பிடிச்சு இழுத்தோம். அப்புறம் ஒரு கல்லைப் போட்டோம். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணின பிறகுதான் தண்ணிச் சத்தம். மே மாச வெயில், அந்த ஓட்டையிலிருந்து ஜில்லுன்னு காத்து முகத்துல அடிச்சது.

படம் எடுக்க வர்றவங்களுக்குச் சொல்றேன், தயவுசெஞ்சு ரோட்டை விட்டு இறங்காதீங்க. 1880 வாக்குல லண்டன் கம்பெனிங்க தங்கத்துக்காகத் தோண்டி, சில வருஷத்துலயே கைவிட்டுட்டுப் போன குழிங்க அது. பல குழிக்கு வேலி கிடையாது, புதர் மூடிக் கிடக்கு. தென்மேற்கு மழை பிடிச்சா ஓரத்து மண் இளகிடும். உள்ளூர் ஆள் துணை இல்லாம போகாதீங்க. சாயங்காலம் ஆனா யானை இறங்கும், பைக்கை நிறுத்திட்டு செல்ஃபி எடுக்கிற இடம் இல்ல. வெள்ளைக்கல்லுல மினுக்குறதைப் பார்த்து ஆசைப்பட்டு உள்ள நுழையாதீங்க. திருட்டுத்தனமா தோண்டப் போய் மண் சரிஞ்சு செத்தவங்க நம்ம ஊர்ல இருக்காங்க. பாதரசம் வச்சுப் பொன்னைப் பிரிக்கிறாங்க, அந்தத் தண்ணி நேரா ஓடைக்குத்தான் போகுது.

பந்தலூர் மழை:
தம்பி, எச்சரிக்கை சரி. ஆனா தங்கக் கதையை லண்டன்ல ஆரம்பிக்காதீங்க. கம்பெனிங்க வர்றதுக்கு முன்னாடியே குறும்பர், பணியர்னு நம்ம பழங்குடிங்க இங்க ஓடை மண்ணை அலசிப் பொன் எடுத்திருக்காங்க. அவங்க பார்த்தது தேயிலை மலை இல்ல, காடு. நாம அழகுன்னு சொல்ற காட்சியே பின்னாடி வந்ததுதான். அதனால அது பொய்னு சொல்லல, எனக்கும் உசுரு அது.

என்னோடது சின்னது. கீழே கேரளாவுல நிலம்பூர்ல இருந்து மலை ஏறி வர்ற கடைசி பஸ், நாடுகாணியில பஞ்சர். எல்லாரும் இறங்கி நின்னோம். பேர்லயே இருக்கே, அங்கிருந்து கீழே நாடு தெரியும். இருட்ட இருட்ட சமவெளியில விளக்கு ஒண்ணொண்ணா எரிய ஆரம்பிச்சது. பக்கத்துல நின்ன பாட்டி, கட்டிக் கொடுத்த மக ஊர் எதுன்னு அந்த விளக்குல விரலை வச்சுத் தேடிக்கிட்டே இருந்தாங்க. டயர் மாட்டி ஹாரன் அடிச்சும் அவங்க வரல. கண்டக்டர் போய்க் கையைப் பிடிச்சு ஏத்தினார். கண்டுபிடிச்சாங்களான்னு நான் கேக்கல, இப்ப வரைக்கும் உறுத்துது.

தேவாலாக்காரி:
கொளப்பள்ளி தம்பி, அந்த ஓட்டையைத் தாண்டிப் போகணும்னு நான் எழுதல. அம்மா நின்னதே அதுக்குப் பத்தடி தள்ளித்தான். பிள்ளைங்க கிட்டப் போகக்கூடாதுன்னு அதைச் சுத்தி ரெண்டு வரிசை நெருக்கி நட்டு வச்சதும் அவங்கதான். தேத்தண்ணி ஊத்தினது அதுல ஒரு செடிக்கு. போன மாசம் போயிருந்தேன். கவாத்து பண்ணாம விட்டுட்டாங்க, ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிக்குது. அங்க இருந்து எதிர்மலை இப்போ தெரியல.