தெருவில் நேரும் தாக்குதலில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

நித்திலா:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது முப்பத்து நான்கு, எடை 52 கிலோ. இதுவரை எந்தத் தற்காப்புக் கலையும் பயின்றதில்லை. வேலை முடிந்து இரவில் தனியே வீடு திரும்ப வேண்டியிருப்பதால், எதிராளியைத் தரையில் பிடித்து மடக்கும் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சுவை அருகில் கற்பிக்கும் வகுப்பில் சேரலாமா என்று யோசிக்கிறேன். ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்த்தபோது, பெரும்பாலானோர் தரையில் அமர்ந்த நிலையிலேயே பயிற்சியைத் தொடங்கினார்கள். தார்ச்சாலையில் ஒருவன் தாக்க வரும்போது நானாகப் போய்க் கீழே படுக்க முடியுமா என்ற ஐயம் அப்போதே எழுந்துவிட்டது. பயின்றவர்கள் விளக்கினால் நன்றி உடையவளாக இருப்பேன்.

கரும்பட்டை கனவு:
உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் அதற்கான விடை, இந்தக் கலையின் எந்தப் பகுதியை உங்களுக்குக் கற்றுத் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஜப்பானின் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியில் பயின்ற வீரரான மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசிலுக்குச் சென்று, பின்னர் பிரேசிலியரான கார்லோஸ் கிரேசிக்குக் கற்பித்ததிலிருந்து தொடங்கும் இந்த மரபில், மெலிந்த உடல்வாகு கொண்ட ஒருவர் தம்மைவிடக் கனமானவரின் அடியில் சிக்கினால் என்ன செய்வது என்பதே தொடக்கத்திலிருந்து முக்கியமான கேள்வியாக இருந்தது. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யூஎஃப்சி போட்டியில் (பல தற்காப்புக் கலைகளைச் சேர்ந்தவர்கள் மோதும் போட்டி), எடைப் பிரிவே இல்லாத நிலையில், அதே கிரேசி குடும்பத்தைச் சேர்ந்த ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றார். அவர்களுள் குத்துச்சண்டை வீரரான ஆர்ட் ஜிம்மர்சன், ராய்ஸ் தம்மீது ஏறி அமர்ந்ததுமே, எந்தப் பூட்டும் (மூட்டை மடக்கும் அல்லது கழுத்தை இறுக்கும் பிடி) விழுவதற்கு முன்பாகத் தோல்வியை ஒப்புக்கொண்டார். தரையில் என்ன செய்வதென்று அறியாதவர் எத்தனை பலசாலியானாலும் செயலற்றுப் போவார் என்பதை அந்தக் காட்சி உலகுக்குக் காட்டியது. எனினும் அங்கே எதிராளி ஒருவர்தான், ஆயுதம் இல்லை, நடுவர் இருந்தார். இந்த மூன்றையும் மறந்துவிட்டுத் தெருவுக்கும் இதுவே போதும் என்று பேசுபவர்களை நான் நம்புவதில்லை.

என் பார்வையில் இக்கலையின் உண்மையான பலம் அதன் பூட்டுகளில் இல்லை, பயிற்சி முறையில் இருக்கிறது. 'ரோலிங்' எனப்படும் பயிற்சியில், விட்டுக்கொடுக்காத ஒருவரை எதிர்த்து முழு வலுவுடன் நீங்கள் போராட வேண்டும். பிடி இறுகியதும் கையால் தட்டினால் அவர் விட்டுவிடுவார் என்பதால், பெரிய காயமின்றி இதை வாரந்தோறும் செய்ய முடிகிறது. காற்றில் குத்தியும் உதைத்தும் மட்டுமே பழகியவருக்கு, மார்பின் மேல் எண்பது கிலோ அழுத்தும்போது மூச்சை எப்படிச் சீராக்குவது என்பது தெரிய வழியில்லை. ஒரு பெண் மீது நிகழக்கூடிய மிக மோசமான தாக்குதல், அவளைக் கீழே தள்ளி மேலே அழுத்துவதுதான். அந்த நிலையிலிருந்து இடுப்பை உயர்த்திப் புரட்டுவதையும், இடுப்பை ஒருபுறம் நகர்த்தி முழங்காலை இடையில் நுழைத்து விடுபடுவதையும் முதல் சில மாதங்களிலேயே கற்பிப்பார்கள். நீங்களாகக் கீழே படுக்க வேண்டியதில்லை. கீழே தள்ளப்பட்டால் எழுவதற்கு வழி தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் போட்டிக்கான பயிற்சியாக இருக்கலாம். போட்டியில் எதிராளியின் முதுகைக் கைப்பற்றினாலோ மேலே ஏறி அமர்ந்தாலோ 4 புள்ளிகள், கீழே இருப்பவர் கால்களால் அமைக்கும் காப்பைக் கடந்தால் 3; ஆனால் நிற்கும் நிலையிலிருந்து எதிராளியைப் பிடித்தபடி தாமாகவே தரையில் அமர்வதைக் குறையாகக் கருதுவதில்லை, குத்துகளும் கிடையாது. அங்கே வெற்றி தரும் பழக்கம் வீதியில் முகத்தில் அடி வாங்கித் தரும்.

தோள்வலி:
மேலே எழுதிய நண்பருடன் பாதிதான் உடன்படுகிறேன். நான் ஜூடோ பயின்றவன். தாக்குதல் தரையில் தொடங்குவதில்லை; கையைப் பிடித்து இழுப்பது, தலைமுடியைப் பற்றுவது, சுவரோடு தள்ளுவது என்று நின்ற நிலையில்தான் தொடங்குகிறது. அந்த முதல் சில நொடிகளுக்குப் பல ஜியு-ஜிட்சு வகுப்புகளில் ஒதுக்கப்படும் நேரம் வெட்கப்படும் அளவுக்குக் குறைவு. தாக்குபவனுக்கு ஒரு கூட்டாளி இருந்தால், முதலாமவனின் கையை நீங்கள் எத்தனை அழகாகப் பூட்டியிருந்தாலும் உங்கள் தலை இரண்டாமவனின் காலடியில் இருக்கும். கத்தி இருந்தால் நெருங்கிப் பிடிப்பதே ஆபத்து. ஆகவே பிடியை உதறுவதும், விழாமல் நிற்பதும், ஓடுவதும் முதலில் வர வேண்டும். அவற்றை ஜூடோவோ மல்யுத்தமோ இன்னும் நன்றாகத் தரும்.

வழக்குரைஞர்:
சட்டப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமான தீங்கை விளைவிக்க அந்த உரிமை இடம் தராது என்கிறது 37-ஆம் பிரிவு; ஆபத்து பற்றிய நியாயமான அச்சம் நீடிக்கும் வரையே உடலைக் காக்கும் உரிமையும் நீடிக்கும் என்கிறது 40-ஆம் பிரிவு. கழுத்தின் இருபக்க இரத்தக் குழாய்களை அழுத்தும் பிடி சரியாக விழுந்தால், பத்து நொடி அளவிலேயே ஒருவர் நினைவிழக்கக்கூடும். அவர் துவண்ட பிறகும் பிடியைத் தொடர்ந்தால் உயிர் போகலாம், அதைத் தற்காப்பு என்று வாதிடுவதும் மிகக் கடினம். பாலியல் வன்கொடுமை, ஆட்கடத்தல், அமில வீச்சு போன்ற நோக்கமுள்ள தாக்குதல்களில் 38-ஆம் பிரிவு மிக விரிவான பாதுகாப்பைத் தருகிறது என்பதையும் அறிந்திருங்கள்.

நித்திலா:
மூவருக்கும் நன்றி. சேர்வதற்கு முன் அந்தப் பயிற்சியாளரிடம் நான் எதைக் கேட்க வேண்டும்?

கரும்பட்டை கனவு:
தோள்வலி அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். நிற்கும் நிலைப் பயிற்சி வாரம் ஒரு முறையேனும் உண்டா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். மேலே இருப்பவர் உள்ளங்கையால் மெதுவாக அடிக்க, கீழே இருப்பவர் அவரை நெருக்கமாகப் பிடித்து அடியைத் தடுக்கும் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். ஒரு கையை ஊன்றி, ஒரு காலை முன்னால் நீட்டி எதிராளியைத் தடுத்தவாறே மறு காலைப் பின்னிழுத்து எழும் முறையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அதைப் புதியவர்களுக்கு எப்போது கற்பிப்பீர்கள் என்றும் கேளுங்கள். முதல் மாதத்திலேயே என்றால் சேருங்கள். நீலப் பட்டைக்கு (புதியவரின் வெள்ளைப் பட்டைக்கு அடுத்த நிலை) பிறகு பார்க்கலாம் என்றால், அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். வேறு வகுப்பைத் தேடுவது நல்லது.