வம்சாவளியில் ஒற்றை வரியாய் நின்ற பூட்டி: பறங்கியர் வீட்டுப் பெண்களைத் தேடிய அனுபவங்கள்

கொழும்பிலிருந்து

என் அம்மம்மாவின் அம்மா ஒல்லாந்தப் பறங்கிப் பெண், அதாவது இலங்கையில் ஐரோப்பியர் வழி வந்த பேர்கர் சமூகத்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, தமிழ்க் கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவரைக் கலியாணம் முடித்தவர். வீட்டில் அவரைப் பற்றி இவ்வளவுதான் பேச்சு. யார் வீட்டுப் பிள்ளை, தாய் எந்த ஊர் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. அதைத் தேடப்போய்த் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இதே தேடலில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

எல்லோரும் முதலில் போகிற இடத்துக்குத்தான் நானும் போனேன். கொழும்பில் 1907இல் தொடங்கிய டச்சு பேர்கர் யூனியன், மறு வருடத்திலிருந்தே சஞ்சிகை ஒன்றை வெளியிட்டு வந்தது. பறங்கிக் குடும்பங்களின் பரம்பரைப் பட்டியல்கள் அதில் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனிச் சிப்பாயாகவோ எழுத்தராகவோ கப்பலேறி வந்த முதல் ஆள், அவர் பிறந்த ஊர் (நிறையப் பேர் ஜெர்மன் ஊர்க்காரர்), அப்புறம் மகன், பேரன் என்று இருநூறு வருடத்துக்கு இறங்கி வரும். அவ்வளவு நேர்த்தியான வேலை.

மகள் என்றால் பெயர், பிறந்த நாள், எந்தத் தேவாலயத்தில் யாரை மணந்தாள், அதோடு சரி. மாப்பிள்ளையும் பறங்கியர் என்றால் அவர் குடும்பப் பட்டியலில் போய்ப் பார்க்கலாம். தமிழரையோ சிங்களவரையோ மணந்தவளுக்குப் போய்ப் பார்க்க இன்னொரு பட்டியல் கிடையாது. யூனியனில் அங்கத்தவராகவே தகப்பன் வழியில் கும்பனி காலத்து ஐரோப்பியரைக் காட்ட வேண்டும் என்பது விதி. பட்டியலும் அதே வழியில்தான் போகும். தொகுத்தவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன், அது இல்லாவிட்டால் பூட்டியின் தகப்பன் பெயரே எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் பெண்ணைத் தேடுகிறவர்கள் அதோடு நின்றுவிட்டால் பாதிக் குடும்பம் போய்விடும்.

எனக்கு வழி திறந்தது ஞானஸ்நானப் பதிவேட்டில். பூட்டியின் பெயருக்கு நேரே தகப்பனின் முழுப்பெயர், உத்தியோகம். தாய்க்கு முதற்பெயர் மட்டும். சாட்சிகள் நிரலில் மட்டும் ஒரு பெண்ணின் முழுப்பெயர் இருந்தது. பக்கங்களைத் திருப்பத் திருப்ப, பூட்டியின் தம்பிக்கும் தங்கைக்கும் அவளே சாட்சி. சரி, இவள் யார் என்று அவளுடைய கலியாணப் பதிவைத் தேடிப் பிடித்தேன். அவளுடைய தாய் தகப்பன் பெயரும், மணமகளுக்குச் சாட்சியாகக் கையெழுத்திட்ட தங்கையின் பெயரும் அதில் இருந்தன. அந்தத் தங்கைதான் என் பூட்டியின் தாய். கையெழுத்தில் கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்து, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். தாய்வழியில் நான் கண்ட முதல் கையெழுத்து அது.

மட்டக்களப்பிலிருந்து

அக்கா, உங்கள் ஆட்களுக்கு அச்சடித்த பட்டியலாவது இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பறங்கியருக்கு அதுவும் இல்லை. எங்களுடையது போர்த்துக்கீச வழி. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கீசர் 1628இல் கட்டினார்கள், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். ஆட்சி போனாலும் சனம் இங்கேயே தங்கிவிட்டது. வேதம் கத்தோலிக்கம், பள்ளிக்கூடம் தமிழ், வீட்டில் பேசுவது பறங்கிப் போர்த்துக்கீசம். ஆண்கள் தச்சு, கொல்லு, மெக்கானிக் வேலை. பெண்கள் தையல்.

அம்மாவின் பெரியம்மா ஒருவர் மட்டக்களப்புக் கடலோரத்து டச்பாரில் இருந்தார். எங்கள் குடும்பத்தின் பதிவேடு என்றால் அவர்தான். யாருக்கு யார் ஞானத்தாய், எந்தக் கலியாணத்தில் யார் வயலின் வாசித்தார், காப்ரிஞ்ஞா ஆடும்போது யார் யாரோடு சோடி சேர்ந்தார், எல்லாம் வாயிலேயே இருக்கும். அந்தப் பாசையில் ஒன்றைச் சொல்லிவிட்டு, எங்களுக்காகத் திரும்பத் தமிழில் சொல்லுவார். பழைய படங்களையும் பூசைப் புத்தகத்தையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார்.

2004 மார்கழி 26ஆம் திகதி, நத்தாருக்கு மறுநாள், கடல் வந்தது. டச்பாரில் எங்கள் சனம் எத்தனையோ பேர் போனார்கள். அவரும் போய்விட்டார், பெட்டியும் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றுதான். மிஞ்சிய வயதான பெண்களின் பக்கத்தில் கைபேசியை வைத்துவிட்டுக் கதை கேட்டேன். ஆண்களிடம் கேட்டால் முதலாளி, பட்டறை, வேலை என்று போகும். பெண்களிடம் ஒரு கலியாணத்தைக் கேட்டால் போதும், மூன்று தலைமுறை வந்துவிடும். வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்காரர்கள் இந்த வருடமே பதிந்து வையுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

மெல்பேணிலிருந்து

எங்கள் தெருவில் கொழும்புப் பறங்கி மாமி ஒருவர் இருந்தார். நத்தார் வந்தால் எங்களுக்கு ப்ரூடர் என்கிற பறங்கியர் கேக் வரும், தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் அங்கே போகும். நான் யாழ்ப்பாணம் என்று தெரிந்ததிலிருந்து என்னோடு தமிழில் ஓரிரு சொல் பேசுவார், அவருடைய தாயிடமிருந்து பிடித்த சொற்கள்.

1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் ஆங்கிலத்தில் வேலை பார்த்த பறங்கியர் பெருந்தொகையாக அவுஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். அப்போது இங்கே வெள்ளையர் மட்டும் என்ற கொள்கை. கலப்பு வம்சத்தவர் என்றால் முக்கால் பங்காவது ஐரோப்பிய இரத்தம் என்று காட்ட வேண்டும், தோற்றத்தையும் பார்ப்பார்கள். அக்கா சொன்ன பரம்பரைப் பட்டியல்களுக்கு அப்போது பெரிய தேவை வந்தது. குடும்ப ஆசைக்காகத் தொகுத்தவை விண்ணப்பத்துக்குச் சாட்சியாகிவிட்டன.

மாமியின் தாயின் தாய் தமிழ்ப் பெண். விண்ணப்பம் போட்ட நாட்களில் அவருடைய படத்தை வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்களாம். இங்கே வந்த பிறகும் அது திரும்ப மாட்டப்படவில்லை. 1973இல் அந்தக் கொள்கை முற்றாகப் போன பிறகும் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. என்னிடம் இதைச் சொன்னபோது மாமிக்கு எண்பது தாண்டியிருந்தது. “எங்கட அம்மம்மா என்ன குற்றம் செய்தவ?” என்று கேட்டார். எனக்கு இன்றும் அந்தக் கேள்விக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு நாட்டின் விதி, ஒரு கிழவியை அவள் பேரப்பிள்ளைகளின் சுவரிலிருந்தே இறக்கிவிட்டது.

உங்கள் வீட்டு அல்பத்தில் வெறுமையாக ஒரு இடம் இருந்தால், அங்கே யார் இருந்தார் என்று கேளுங்கள்.

ஹற்றனிலிருந்து

நான் தோட்டத்துப் பிள்ளை, எனக்குப் பறங்கி உறவு கிடையாது. ஆனாலும் ஒரு பறங்கிப் பெண்ணுக்கு என் பாட்டி கடன்பட்டவர் என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன். ஆக்னஸ் டி சில்வா, பிறந்த வீட்டுப் பெயர் நெல். சிங்களவரான ஜோர்ஜ் ஈ. டி சில்வாவை மணந்தவர். 1927இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு அமைந்த சங்கத்தில் முன்னின்றார். அரசியலமைப்பை மாற்றுவது பற்றி விசாரிக்க வந்த டொனமூர் ஆணைக்குழு முன் சாட்சி சொல்லும்போது, தோட்டத்தில் வேலை செய்கிற இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டார்கள். அவர்களும் பெண்கள்தானே, நிச்சயம் வேண்டும் என்று பதில் சொன்னார். கொழும்புப் படித்தவர்களில் பலர் தோட்டத்து ஆண்களுக்கே வாக்குக் கொடுக்கத் தயங்கிய காலம் அது. 1931இல் பெண்களுக்கு வாக்கு வந்தது.

அக்கா சொன்ன விதிப்படி பார்த்தால், இந்த அம்மாவின் பிள்ளைகளும் தகப்பன் வழியில் பறங்கியர் இல்லை.

கொழும்பிலிருந்து, மறுபடியும்

தம்பி, நீங்கள் சொன்னது சரிதான். ஆக்னஸின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பூட்டி ஞாபகத்துக்கு வருவார்.

மெல்பேண் அண்ணா, அந்த வெற்றிடம் எங்கள் வீட்டிலும் உண்டு, ஆனால் எதிர்ப்பக்கமாக. தமிழ் வீட்டில் பூட்டியின் கவுன் போட்ட படத்தை ஒருவரும் வைக்கவில்லை. மிஞ்சியது அவருடைய சமையல் கொப்பி. ப்ரூடருக்கு பேக்கரியில் பாணுக்குப் பிசைந்த மா ஒரு றாத்தல் வாங்கி, முட்டை மஞ்சட்கருவை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கையால் அடிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ஓரத்தில் தமிழில், வேறு மையில், “மாமிக்கு முந்திரிகை வத்தல் கூடாது.” மருமகளாய் வந்த வீட்டில் தமிழ் எழுதப் பழகியிருக்கிறார், மாமியாருக்கும் சேர்த்துச் சமைத்திருக்கிறார்.

இனி நான் போக வேண்டியது ஒல்லாந்தர் காலத்துக்கு. அப்போது ஐரோப்பியப் பெண்கள் கப்பலில் வந்தது மிகக் குறைவு. கும்பனி ஆட்கள் மணந்தது போர்த்துக்கீசக் கலப்புப் பெண்களையும் ஞானஸ்நானம் பெற்ற உள்ளூர்ப் பெண்களையும். பட்டியலின் உச்சியில் நிற்கும் ஆளின் மனைவி யார் என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்துத் தோம்புகளும் (காணி, குடும்பப் பதிவேடுகள்) கும்பனிப் பதிவுகளும் கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன, யூனியன் மண்டபம் இருக்கிற அதே ரீட் அவெனியூவில். எல்லாம் பழைய ஒல்லாந்தக் கையெழுத்து. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள், அல்லது அப்படி யாரையாவது தெரிந்தவர்கள் இங்கே இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.