கூரை திறக்குற காரா ஸ்போர்ட்ஸ் காரா, யாராச்சும் சொல்லுங்க

காக்காமாரே அண்ணன்மாரே ஒரு யோசனை வேணும். துபாய்ல பிசினஸ் பண்ற எங்க மச்சான் கீழக்கரைக்கே திரும்பி வந்துட்டாரு, வந்ததும் முதல் வேலையா கார் வாங்கணும்னு நிக்கிறாரு. ஒண்ணு பென்ஸ் சிஎல்இ 300 கேப்ரியோலே, இன்னொண்ணு செகண்ட் ஹேண்ட்ல போர்ஷே 718 கேமன்.

பென்ஸ்ல நாலு பேர் உக்காரலாம், துணிக்கூரை 20 செகண்ட்ல திறக்குமாம், 60 கிமீ வேகத்துல ஓடிக்கிட்டு இருக்கும்போதே. கழுத்துக்கு வெதுவெதுன்னு காத்து அடிக்கிற வசதி வேற இருக்கு, நம்ம ஊரு வெயில்ல அது எதுக்குன்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம். கேமன்ல சீட்டே ரெண்டுதான், இன்ஜின் சீட்டுக்குப் பின்னாடி, 300 குதிரைசக்தி. ஓட்டுறதுக்கு அதான் சுகம்னு எனக்கும் தெரியுது, ஆனா உம்மாவ எங்க உக்கார வைக்கிறது?

என் கவலையே வேற. ஆடி மாசக் காத்துல தனுஷ்கோடி அரிச்சல்முனை ரோட்டுல மணல் எப்படி ஏறிக் கிடக்கும்னு உங்களுக்கே தெரியும், அந்தப் பொடிமணலும் உப்பும் கூரை மடியிற இடத்துல, தண்ணி வடியிற ஓட்டையில போய் அடைச்சா மழை பெய்யும்போது உள்ளதான ஒழுகும்? கேமனுக்கு அந்தத் தொல்லை இல்ல, ஆனா ரொம்ப தாழ்வு, எங்க தெரு ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டாம போகுமா?

கடலோரத்துல துணிக்கூரை கார் வச்சிருக்கவங்க, கூரைய எப்படிப் பராமரிக்கிறீங்க, சர்வீஸுக்கு மதுரையே போதுமா இல்ல சென்னைக்கே ஏத்தி அனுப்பணுமா? இந்த வாரத்துக்குள்ள அட்வான்ஸ் குடுக்கப் போறாரு, சீக்கிரம் சொல்லுங்க.