லூசியானா சதுப்பு நீரில் வழிகாட்டியுடன் ஒரு முழுநாள் மீன்பிடிப் பயணம்: எந்த ஊர், என்ன கேட்க வேண்டும்?

கேள்வி (ஹூஸ்டன் வாசகர்)

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசி வாரத்தில் நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் குடும்பத்துடன் செல்கிறோம். அப்போது, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவையும் பதினோரு வயது மகனையும் அழைத்துக்கொண்டு, அங்குள்ள கடலோரச் சதுப்பில் படகுடன் ஒரு வழிகாட்டியை அமர்த்தி ஒரு நாள் முழுவதும் தூண்டில் போட வேண்டும் என்று விரும்புகிறேன். அப்பா முத்துப்பேட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அலையாத்திக் காட்டு வாய்க்கால்களில் மடவையும் கொடுவாயும் பிடித்துப் பழகியவர் என்பதால், உப்பு நீர்ச் சதுப்பு அவருக்குப் புதிதல்ல. ஆனால் இப்போது முழங்கால் வலி இருக்கிறது. நெடுநேரம் நிற்க முடியாது. நானும் மகனும் ஏரிக்கரையில் நின்று மீன் பிடித்ததோடு சரி.

இணையத்தில் தேடினால் ஹோப்டேல், டெலக்ரோ, வெனிஸ் என்று பல ஊர்களின் பெயர்கள் வருகின்றன. எல்லா வழிகாட்டிகளின் பக்கத்திலும் பெரிய மீனைத் தூக்கிப் பிடித்த படங்களே இருக்கின்றன. எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது, அரைநாள் போதுமா, முழுநாளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு உண்மையிலேயே பயன் உண்டா, பதிவு செய்யும் முன் வழிகாட்டியிடம் எவற்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் (பாயூக்கரை)

வணக்கம் ஐயா. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் காலம் மிக நல்ல காலம். இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று ஒவ்வொரு முறை வீசும்போதும் சதுப்பின் உட்பகுதியில் வளர்ந்த வெள்ளை இறால் கூட்டம் கூட்டமாக மெக்சிகோ வளைகுடாவை நோக்கி இறங்கும். அந்த இறாலுக்காக ஸ்பெக்கிள்ட் டிரவுட் என்னும் மீன் உள்வாய்க்கால்களுக்கு ஏறி வரும். ரெட்ஃபிஷ் என்னும் மீன் எப்போதும் போலப் புல்லோரத்திலேயே மேயும். கோடையின் பாசி குறைந்து நீரும் தெளியத் தொடங்குவதால், மீனைக் கண்ணால் பார்த்தே தூண்டில் எறியக்கூடிய நாட்களும் அமையும். வாலடியில் கரும்புள்ளியுடன் ஒரு ரெட்ஃபிஷ் முழங்கால் ஆழ நீரில் நண்டைத் தேடித் தலைகீழாக நிற்க, அதன் வால் மட்டும் நீருக்கு வெளியே செம்பு நிறத்தில் அசைவதை உங்கள் அப்பா ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். அதன் பிறகு யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்காது.

ஊரைப் பொறுத்தவரை, நியூ ஆர்லியன்ஸில் தங்குபவர்களுக்கு ஹோப்டேலும் டெலக்ரோவுமே ஏற்றவை என்பது என் கருத்து. இரண்டும் செயின்ட் பெர்னார்ட் வட்டாரத்தில், நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடும் தொலைவில் உள்ளன. வெனிஸ் இதற்கு மாறானது. மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் முனையில், இருபத்து மூன்றாம் நெடுஞ்சாலை முடியும் இடத்தில் இருக்கிறது. அங்கே பெரிய மீன்கள் உண்டு, ஆனால் விடியுமுன் நெடுந்தூரம் காரோட்ட வேண்டும், ஆற்றிலும் திறந்த விரிகுடாவிலும் படகு நன்றாகவே ஆடும். முழங்கால் வலியுள்ள பெரியவருக்கும் சிறுவனுக்கும் முதல் பயணமாக அதை நான் சொல்ல மாட்டேன்.

முழுநாளா அரைநாளா என்று கேட்டிருந்தீர்கள். என் விடை, தயங்காமல், முழுநாள்தான். அதற்கான காரணம் இந்தச் சதுப்பின் நீரோட்டத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கரையில் ஒரு நாளில் கடல்நீருக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் வரும். லூசியானாக் கரையில் பெரும்பாலான நாட்களில் ஒரே ஏற்றம், ஒரே வற்றம்தான். அதன் உயர வேறுபாடும் ஓர் அடி, ஒன்றரை அடி என்ற அளவிலேயே இருக்கும். அமாவாசை, பௌர்ணமி பார்த்து நீரின் போக்கைக் கணிக்கும் வழக்கம் இங்கே அப்படியே பொருந்தாது; சந்திரன் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைப் பொறுத்தே இங்கு ஏற்றம் வலுப்பதும் தளர்வதும். விலகல் குறைந்த நாட்களில் நீர் கிட்டத்தட்ட அசையாமலே கிடக்கும். நீர் அசையாத நேரத்தில் மீனும் இரையெடுப்பதில் சுணங்கும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குத் திரும்பிவிடும் அரைநாள் பயணத்தில், நீர் பதினொரு மணிக்கு இறங்கத் தொடங்கினால் உங்களுக்குக் கிடைப்பது காத்திருப்பு மட்டுமே. முழுநாள் என்றால், நீர் நகரத் தொடங்கும்போது வாய்க்கால் முகத்துவாரங்களில் நீங்கள் இருப்பீர்கள்.

இதைவிடவும் பெரியது காற்று. வடகாற்று ஒரு நாள் பலமாக அடித்தால், ஏற்ற அட்டவணை என்ன சொன்னாலும், சதுப்பிலுள்ள நீர் வளைகுடாவுக்குத் தள்ளப்பட்டுச் சேறு தெரியும். மீன்கள் ஆழமான கால்வாய்களுக்கு இறங்கிவிடும். தென்கிழக்குக் காற்று இதற்கு நேர்மாறாக நீரைப் புல்லுக்குள் ஏற்றிவிட, ரெட்ஃபிஷ் நம் கை எட்டாத இடத்துக்குள் புகுந்துகொள்ளும். ஆகவே பதிவு செய்யும் முன் வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு மீன் கிடைக்கும் என்பதாக இருக்கக் கூடாது. முந்தைய நாள் வடகாற்று அடித்தால் எங்கே அழைத்துச் செல்வீர்கள், நீர் உயர்ந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சதுப்பை அறிந்தவர் உடனே இடங்களையும் காரணங்களையும் சொல்லத் தொடங்குவார். படங்களை மட்டும் நம்புபவர் மழுப்புவார். அந்த உரையாடலிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பதில் (மெட்டைரி அம்மா)

மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். சட்டமும் சமையலும் சார்ந்த சிலவற்றை நான் சேர்க்கிறேன்.

லூசியானாவில் 2024 ஜூன் 20 முதல் ரெட்ஃபிஷுக்கான விதி மாறியிருக்கிறது. ஒருவர் ஒரு நாளில் நான்கு மீன்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 18 அங்குலத்துக்குக் குறையாமலும் 27 அங்குலத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். முன்பு 27 அங்குலத்துக்கு மேற்பட்ட ஒரு மீனை வைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது அதற்கு இடமில்லை. பழைய படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இதில்தான் ஏமாற்றமடைகிறார்கள், ஆனால் விதி நியாயமானது. இந்த மீன் தன் முதல் சில ஆண்டுகளைச் சதுப்பில் கழித்து, ஏறத்தாழ அந்த அளவை எட்டும்போதுதான் வளைகுடாவுக்குச் சென்று முட்டையிடும் கூட்டத்தில் சேர்கிறது. அங்கே முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட வாழும். 1980களில் மசாலா தடவிக் கருக வறுத்த ரெட்ஃபிஷ் நாடெங்கும் உணவகங்களில் பரவியபோது, அந்தப் பெரிய மீன்களை வலைபோட்டு வாரி எடுத்ததில் இனமே தளர்ந்துபோயிற்று. அதன் பிறகுதான் வணிக நோக்கில் பிடிப்பதற்குத் தடை வந்தது. பெரிய மீன் கிடைத்தால், இரு கையாலும் வயிற்றைத் தாங்கி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, உடனே நீரில் விடுங்கள்.

ஸ்பெக்கிள்ட் டிரவுட்டில் ஒருவருக்குப் பதினைந்து. 13 முதல் 20 அங்குலம் வரை. அவற்றுள் இரண்டு மட்டும் 20 அங்குலத்தைத் தாண்டலாம். இந்த விதி 2023 நவம்பரில் வந்தது. ஃபிளவுண்டர் என்னும் தட்டை மீனை அக்டோபர் 15 முதல் நவம்பர் 30 வரை வைத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் செல்லும் வாரம் அதற்குள் வருகிறது. வழிகாட்டி தன் பங்கு மீனை உங்களுக்குத் தருவதாகச் சொன்னால் ஏற்காதீர்கள். கட்டணப் பயணத்தில் படகோட்டிக்கும் உதவியாளருக்கும் இந்த மீன்களில் பங்கு கிடையாது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், புறப்படும் வாரத்தில் மாநில வனவிலங்கு, மீன்வளத் துறையின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்களுக்கும் அப்பாவுக்கும் உரிமம் தேவை, பையனுக்குத் தேவையில்லை. அங்கேயே இணையவழியில் எடுக்கலாம்.

சமையலுக்கு வருவோம். ரெட்ஃபிஷும் பிளாக் டிரம்மும் ஸ்பெக்கிள்ட் டிரவுட்டும் நம் கத்தாளை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தவை. குழம்புக்கு ரெட்ஃபிஷ் சதை உடையாமல் நிற்கும், டிரவுட் சதை மென்மையானதால் அன்றே வறுத்துவிட வேண்டும். துறைக்குத் திரும்பியதும் வழிகாட்டியே மீனை வெட்டித் தருவது இங்குள்ள வழக்கம். ஆனால் அவர்கள் இரு பக்கச் சதையை மட்டும் சீவி எடுத்து, தலையும் நடுமுள்ளும் அப்படியே நீரில் எறிந்துவிடுவார்கள். கத்தியை எடுப்பதற்கு முன்பே, தலை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று மீன்களை முழுதாகவே கேட்டு வாங்கித் துண்டு போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. படகில் வைத்து வெட்டச் சொல்லாதீர்கள். கரை சேரும் வரை தலையும் வாலும் உடலோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரிய பிளாக் டிரம்மின் சதையில் வெண்ணிறப் புழுக்கள் சில வேளை இருக்கும். சமைத்தால் தீங்கில்லை, ஆனாலும் சிறிய மீன்களையே தேர்ந்தெடுங்கள்.

பதில் (பாயூக்கரை)

சகோதரி தலையைப் பற்றி எழுதியது மிகவும் சரி. தூண்டில் முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஏரியில் பழகியவர்களுக்கு இங்கே கை சற்று மாற வேண்டியிருக்கும்.

பெரும்பாலும் உங்கள் கையில் தரப்படுவது பாப்பிங் கார்க் கட்டிய தூண்டில். கம்பியில் கோத்த தக்கை ஒன்று, அதன் மேலும் கீழும் மணிகள். அதற்கு இரண்டு அடி கீழே உயிர் இறாலோ ரப்பர் இறாலோ தொங்கும். எறிந்ததும் நூலின் தொய்வை எடுத்துவிட்டு, தடியின் நுனியை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்ட வேண்டும். தக்கை நீரை விழுங்கி ‘களக்’ என்று ஒலிக்கும்; மேற்பரப்பில் மீன் இரையைப் பாய்ந்து பிடிக்கும் ஒலி அதுவே. பிறகு சில நொடி அசையாமல் இருங்கள், கீழே இறால் மெல்ல அமிழும் அந்த நேரத்தில்தான் கடி விழும். தக்கை மறைந்ததும் தலைக்கு மேல் தூண்டிலைப் பிடுங்க வேண்டாம். சக்கரத்தைச் சுற்றி நூலை விறைப்பாக்கிப் பாரம் தெரிந்த பிறகு பக்கவாட்டில் இழுங்கள். ரெட்ஃபிஷ் ஓடத் தொடங்கி ரீல் கிறீச்சிட்டு நூலை விடும்போது சக்கரத்தைச் சுற்றக் கூடாது என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஓட்டம் நிற்கும் வரை தடியை உயர்த்திப் பிடித்தால் போதும்.

ஒரு கடும் எச்சரிக்கை. இதே இரைக்குக் கடல் கெளுத்தியும் அடிக்கடி வரும். அதன் முதுகிலும் இரு பக்கத்திலும் உள்ள முட்கள் விறைத்து நிற்கும்; நச்சும் உண்டு, குத்தினால் கை மணிக்கணக்கில் கடுக்கும். உங்கள் அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும், பையனுக்குத் தெரியாது. அவன் தொட விடாதீர்கள், வழிகாட்டியே கழற்றட்டும். அப்பாவுக்கு நீரிழிவோ கல்லீரல் நோயோ இருந்தால் கையிலோ காலிலோ புண் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ என்னும் பாக்டீரியா வாழ்கிறது. சிறு காயத்தின் வழியாகவும் அது உள்ளே செல்லக்கூடும்.

கேட்டவர் (ஹூஸ்டன் வாசகர்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவுக்கு நீரிழிவு உண்டு என்பதால் கடைசியில் எழுதியது எனக்கு மிகவும் முக்கியம். கையுறையும் மூடிய காலணியும் வாங்கிவிடுகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். அவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே மீன் பிடிக்க இயலுமா? தங்கையின் கணவரிடம் சிறிய படகு இருக்கிறது; வழிகாட்டி இல்லாமல் நாங்களே சென்றால் என்ன என்று அவர் கேட்கிறார்.

பதில் (பாயூக்கரை)

உட்கார்ந்து பிடிக்க இயலும், ஆனால் அது படகைப் பொறுத்தது. மேடையில் நின்று கழியூன்றித் தள்ளும் ஒடுங்கிய ஸ்கிஃப் படகு வேண்டாம். இருபத்து நான்கு அடி அளவுள்ள, இருக்கையும் சாய்மானமும் கொண்ட பே போட் வேண்டும் என்று பதிவின்போதே சொல்லுங்கள். தக்கைத் தூண்டிலுக்கு நிற்க வேண்டிய அவசியமே இல்லை. படகோட்டியிடம் கடலோரக் காவல்படையின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வகை உரிமத்தில் ஆறு பயணிகள் வரை ஏற்றலாம் என்றாலும், மூவருக்கு மேல் ஏறினால் தூண்டில்கள் சிக்கும். பையனின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி உண்டா, புயலோ பலத்த காற்றோ வந்தால் முன்பணம் திரும்புமா, முழுநாள் என்பது எத்தனை மணி நேரம் என்பவற்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். சிலர் ஆறு மணி நேரத்தையே முழுநாள் என்பார்கள். அன்பளிப்பாகக் கட்டணத்தில் பதினைந்து முதல் இருபது விழுக்காடு கொடுப்பது வழக்கம்.

தனியாகச் செல்வதை முதல் முறை தவிர்க்கும்படி வேண்டுகிறேன். இந்தச் சதுப்பு ஆண்டுதோறும் உருமாறுகிறது. ஆற்றின் வண்டல் வெள்ளத்தடுப்புக் கரைகளால் தடுக்கப்பட்டும், எண்ணெய் எடுக்க வெட்டிய கால்வாய்கள் வழியே உப்பு நீர் ஏறியும், நிலம் அமிழ்ந்தும், 1932 முதல் லூசியானா ஏறத்தாழ 1,900 சதுர மைல் கடலோர நிலத்தை இழந்திருக்கிறது. ஹோப்டேல் அருகிலேயே 1960களில் வெட்டிய கப்பல் கால்வாய் உப்பை உள்ளே கொண்டுவந்து சைப்ரஸ் காடுகளைக் கொன்றது. 2005 கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு, 2009இல், லா லூட்ர் பாயூ (மெல்ல ஓடும் சதுப்பு வாய்க்கால்) அருகே கற்களைக் கொட்டி அதை அடைத்தார்கள். வரைபடத்தில் தீவாகத் தெரியும் இடம் இன்று ஓரடி நீருக்குள் கிடக்கலாம். பழைய குழாய்களும் மரக்கம்பங்களும் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே நிற்கும். இன்னொன்றையும் தங்கையின் கணவரிடம் சொல்லுங்கள்: இங்கே ஏற்றவற்றம் பாயும் நீர் என்றாலும், அடிநிலம் தனியாருடையதாக இருந்தால் உரிமையாளர் நுழைவைத் தடுக்கச் சட்டம் இடம் தருகிறது. எந்த வாய்க்கால் திறந்தது, எது மூடியது என்பதை ஒரு நாள் வழிகாட்டியுடன் சென்று கண்ணால் பார்த்துக்கொள்வதே நல்லது. அவரையும் உடன் அழைத்துச் சென்று, தூண்டில் இல்லாமல் வழியைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆள் எண்ணிக்கை கூடுவதை வழிகாட்டியிடம் முன்பே தெரிவித்துவிட்டால் போதும்.